மலைக்குப் போகும் ஸ்னோமொபைலும் அதன் பின் சஸ்பென்ஷனும்

கல்கரியில் ஸ்னோமொபைல் திருத்தும் கராஜ் ஒன்றில் இருபத்தொரு வருடம் வேலை செய்து ஓய்வெடுத்தவன் நான். இந்தப் பக்கத்தைத் தொடர்ந்து வாசிக்கிறவர்களுக்கு அது தெரியும். ஓய்வெடுத்த பிறகும் கோயிலிலோ கலியாண வீட்டிலோ காண்கிறவர்கள் மோட்டார் விஷயம்தான் கேட்பார்கள். முந்தியெல்லாம் கார் பற்றிய கேள்விகள். இப்போது கேள்வி மாறிவிட்டது. இந்த மாரியில் மட்டும் மூன்று பேர் ஏறக்குறைய ஒரே கேள்வியைக் கேட்டார்கள்.

"மகன் மலைக்கு ஓடுற ஸ்னோமொபைல் வாங்கினவன் அண்ணை. இப்ப அதுக்குப் பின் சஸ்பென்ஷன் மாத்த வேணுமாம். ஆயிரக்கணக்கில டொலர் சொல்லுறான். புது மெஷினுக்கு ஏன் அது?"

நியாயமான கேள்வி. ஒரு கோப்பித் தேத்தண்ணி குடிக்கும் நேரத்தில் சொல்லி முடிக்க முடியாததால் இங்கே எழுதுகிறேன்.

இந்த மெஷினின் கீழ்ப்பக்கத்தை நம்மில் பலர் பார்த்திருக்க மாட்டோம். முன்னுக்கு இரண்டு ஸ்கீ. பின்னுக்கு ஒரு நீண்ட ரப்பர் பட்டி சுற்றிக்கொண்டிருக்கும். காட்டுப் பாதையில் ஓடுகிற மெஷினுக்குப் பட்டியின் சுற்றளவு 129 அல்லது 137 அங்குலம் இருக்கும். மலை மெஷினுக்கு 154, 165, 174 அங்குலம் என்று போகும். பட்டியின் வெளிப்பக்கம் இரண்டரை, மூன்று அங்குல உயரத்தில் ரப்பர்ப் பற்கள் இருக்கும். பாரம் அவ்வளவு நீளத்தில் பரவுவதால், ஒரு மனிதன் நடந்தால் இடுப்பளவு புதைகிற பனியில் இருநூறு கிலோவுக்கு மேற்பட்ட மெஷின் மிதந்து போகிறது.

அந்தப் பட்டிக்குள்ளே இருப்பதுதான் பின் சஸ்பென்ஷன். இரண்டு அலுமினியத் தண்டவாளம், அவற்றின் அடியில் வழுக்கும் பிளாஸ்டிக் பட்டை, சில சில்லுகள். இவற்றை மெஷினின் உடலோடு இணைக்க முன்னுக்கு ஒரு கை, பின்னுக்கு ஒரு கை. இரண்டுக்கும் தனித்தனி ஷொக். பழைய காலத்து மெஷின்களில் தண்டவாளம் இல்லை. வரிசையாகச் சில்லுகள்தான் பட்டியை அழுத்திப் பிடிக்கும். ஜோசப்-அர்மாண்ட் பொம்பார்டியே கியூபெக்கின் வல்கூரில் கராஜ் வைத்திருந்தவர். 1934 மாரியில், பனி மூடிய பாதையால் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வழியில்லாமல் அவருடைய சின்ன மகன் இறந்துபோனான். பனியில் ஓடும் வண்டிக்கான அவருடைய பட்டிக்கும் பற்சில்லுக்கும் 1937இல் காப்புரிமை கிடைத்தது. சின்ன ஸ்கீ-டூ வந்தது 1959இல். நோயாளியையும் தபாலையும் ஊருக்கு ஊர் கொண்டுபோகத் தொடங்கிய சாமான், இன்றைக்கு மலை உச்சிக்கு ஏறுகிறது.

காருக்கு சஸ்பென்ஷன் எதற்கு என்றால் ரயர் தெருவை விடாமல் இருக்கவும், உள்ளே இருக்கிறவருக்கு இடுப்பு நோகாமல் இருக்கவும். மலை மெஷினில் அதற்கு இன்னொரு வேலையும் இருக்கிறது. பட்டி எந்தச் சரிவில் பனிக்குள் நுழைய வேண்டும் என்பதை அதுதான் முடிவு செய்கிறது. ஊரில் மெஷின் பூட்டிய வள்ளம் பார்த்திருப்பீர்கள். வேகத்தைக் கூட்டினால் பின்பக்கம் அமர்ந்து முன்பக்கம் தூக்கும். சாமான்களை எங்கே வைப்பது என்று தெரிந்த ஓட்டி அளவாகத் தூக்க விடுவான். இங்கும் அதேதான். முன்பக்கம் அதிகம் தூக்கினால் பட்டி பனிமேல் ஏறாமல் தனக்குத் தானே குழி தோண்டும். அப்படிப் புதைந்த மெஷினைக் கிண்டி எடுக்க அரை மணித்தியாலமும் போகும், முதுகும் போகும்.

கொம்பனி ஒரு மெஷினைச் செய்யும்போது நடுத்தர நிறையுள்ள ஒருவரை மனதில் வைத்துத்தான் ஸ்பிரிங் போடும். வாங்குகிறவரோ 130 இறாத்தல் பெடியனாகவும் இருக்கலாம், முதுகுப் பையோடு 270 இறாத்தல் வரும் ஆளாகவும் இருக்கலாம். இந்த இடைவெளியில்தான் வெளிக் கொம்பனிகளுக்கு வியாபாரம் பிறந்தது. சிலர் ஷொக்கும் ஸ்பிரிங்கும் மட்டும் செய்கிறார்கள். சிலர் தண்டவாளம், கை எல்லாம் சேர்த்து முழுத் தொகுதியையே வேறு கணக்கில் செய்து விற்கிறார்கள். ஐடஹோவில் சாண்ட்பொயின்ற் என்ற சிற்றூரில் இருந்த ரிம்பர்ஸ்லெட், மலை மெஷினுக்குப் பின் சஸ்பென்ஷன் செய்து பெயர் எடுத்த கொம்பனி. பிறகு மோட்டார் சைக்கிளைப் பனியில் ஓட வைக்கும் தொகுதியும் செய்தார்கள். 2015இல் போலாரிஸ் அதை வாங்கிவிட்டது. ஆகவே இது ஏமாற்று வியாபாரம் என்று நான் சொல்ல மாட்டேன். நல்ல சாமான் நல்ல வேலை செய்யும்.

ஆனால் எல்லாருக்கும் அது தேவையா என்பது வேறு கேள்வி.

ஒருமுறை எங்கள் பெடியன் ஒருவன் வந்தான். நகரத்தில் கணினி வேலை. முழுத் தொகுதியும் மாற்ற வேண்டும் என்றான். "குழி தோண்டுது அங்கிள், மேல ஏறுதே இல்லை" என்பது அவன் முறைப்பாடு. "சரி தம்பி, காசை எடுக்க முன்னம் அளவுநாடாவை எடுப்பம்" என்றேன். மலைக்குப் போடும் உடுப்பு, சப்பாத்து, பை எல்லாவற்றோடும் வரச் சொன்னேன். முதலில் பின் பம்பரைக் கையால் மேலே தூக்கி நிலத்திலிருந்து உயரம் அளந்தோம். பிறகு அவனை ஏறி நிற்கச் சொல்லி மறுபடி அளந்தோம். அவன் மெல்லிய பெடியன். மெஷின் அசையவே இல்லை என்று சொல்லலாம். ஸ்பிரிங் அவனுக்குக் கூடிய இறுக்கம்.

பின் ஸ்பிரிங்கின் வளையத்தைத் திருப்பித் தளர்த்தினோம். முன் கைக்கு ஒரு வார் கட்டியிருப்பார்கள். அந்தக் கை எவ்வளவு கீழே இறங்கலாம் என்பதை அது கட்டுப்படுத்தும். அதை ஒரு துளை குறுக்கினோம். குறுக்கினால் முன்பக்கம் தூக்குவது குறையும், பட்டி பனிமேல் சாய்வாக ஏறும். அளவுக்கு மிஞ்சிக் குறுக்கினால் ஸ்ரியரிங் பாரமாகும், மலைச் சரிவில் குறுக்காக ஓடுவது கஷ்டமாகும். ஆகவே ஒரு துளைக்கு மேல் வேண்டாம் என்றேன். அடுத்த திங்கட்கிழமை ரெலிபோன் எடுத்தான். "அங்கிள், இது வேற மெஷின் மாதிரிக் கிடக்கு." அந்த வருடம் அவன் ஒரு சதமும் செலவழிக்கவில்லை. என் முதலாளிக்கு அது பெரிய சந்தோஷமாக இருக்கவில்லை.

உண்மையாகவே தேவைப்பட்டவர்களும் வந்தார்கள். முதுகு எலும்பில் சத்திரசிகிச்சை செய்த ஐம்பத்தெட்டு வயதுக்காரர் ஒருவருக்கு அவருடைய நிறைக்கு ஏற்ற ஸ்பிரிங்கோடு நல்ல ஷொக் இரண்டு போட்டோம். அது அவருக்கு மேலும் பல மாரிகளைக் கொடுத்தது. பாரமான ஆட்களுக்கு கொம்பனி ஸ்பிரிங் போதாது. அதற்கும் வழி மாற்றுவதுதான். இன்னொன்று, ஷொக்கையும் திறந்து பழைய எண்ணெயை மாற்றி நைட்ரஜன் அடைக்க வேண்டும். இரண்டு மூன்று மாரி அதைச் செய்யாமல் ஓடிவிட்டு "சஸ்பென்ஷன் சரியில்லை" என்று சொல்கிறவர்களை நிறையக் கண்டிருக்கிறேன்.

இவ்வளவும் இரும்பு விஷயம். இனிச் சொல்வதுதான் பெற்றோருக்கு முக்கியம்.

நல்ல சஸ்பென்ஷன் போட்டவன் பழைய சரிவிலேயே சுகமாக ஓடிவிட்டு வீட்டுக்கு வருவதில்லை. முந்தி ஏற முடியாத சரிவுக்குப் போகிறான். பனிச்சரிவு பெரும்பாலும் உடைவது 30 முதல் 45 பாகை வரையான சரிவுகளில். மெஷின் திறமாக இருக்க இருக்க ஓட்டி அந்த 30 பாகைக்குள் சுலபமாக நுழைகிறான். பட்டி பனியைப் பிடிக்கும் பிடியைக் காசு கொடுத்து வாங்கலாம். அந்தப் பனி தனக்குக் கீழே இருக்கும் பழைய பனியைப் பிடித்திருக்கிறதா என்பதை எந்தக் கொம்பனியும் விற்பதில்லை.

இங்கிருந்து நம் பிள்ளைகள் அதிகம் போவது ரெவல்ஸ்டோக் பக்கம். அந்த ஊருக்குப் பக்கத்தில் மவுண்ட் கோப்லண்ட் என்ற மலையில் 1971-72 மாரியில் 24 மீற்றருக்கு மேல் பனி கொட்டியது கனடாவின் சாதனை. ரெவல்ஸ்டோக்குக்கு மேலே இருக்கும் போல்டர் மலையில் 2010 மார்ச் 13ஆம் திகதி பெரிய கூட்டமாக ஸ்னோமொபைல்காரர்கள் கூடியிருந்தபோது சரிவு உடைந்து வந்தது. இரண்டு பேர் இறந்தார்கள், முப்பது பேரளவில் காயப்பட்டார்கள். அங்கே நின்ற மெஷின்களில் பழுதானவை என்று எதையும் சொல்ல முடியாது.

எங்கள் கராஜுக்கும் ஒருமுறை சரிவில் அகப்பட்ட மெஷின் ஒன்றைக் கொண்டுவந்து இறக்கினார்கள். காசு கொடுத்து வாங்கக்கூடிய மிகத் திறமான பின் சஸ்பென்ஷன் அதில் இருந்தது. தண்டவாளம் இரண்டும் முறுக்கிய கம்பி போல வளைந்திருந்தன. அதை ஓட்டினவர் உயிரோடு இருந்தார். அவரைக் காப்பாற்றியவர்கள் கூடப் போன இரண்டு சிநேகிதர்கள். ஒருவருக்கொருவர் சமிக்ஞை கேட்கும் கருவி, நீளக் குத்துக்கோல், மண்வெட்டி மூன்றும் அவர்களிடம் இருந்தன, பாவிக்கவும் தெரிந்திருந்தது. புதைந்தவரை முதல் பத்து, பதினைந்து நிமிடத்துக்குள் எடுத்தால்தான் நம்பிக்கை அதிகம். பிறகு அது வேகமாகக் குறையும். பொலிஸோ ஹெலிகொப்டரோ அதற்குள் வராது.

ஆகவே உங்கள் மகனோ பேரனோ காசு கேட்டால் உடனே "ஓம்" என்றும் சொல்லாதீர்கள், "உனக்கென்ன விசரா" என்றும் சொல்லாதீர்கள். இப்போது இருக்கும் சஸ்பென்ஷனை உன் நிறைக்கு ஏற்ப அளந்து வைத்தாயா என்று கேளுங்கள். முழுத் தொகுதி என்றால் யார் பூட்டுவது என்று கேளுங்கள். சிலதற்கு உடலில் புதுத் துளை போட வேண்டும், பட்டியின் இழுவையும் நேரும் சரிபார்க்க வேண்டும், உத்தரவாதம் என்னாகும் என்றும் கேட்டு வைக்க வேண்டும். கடைசியாக, கருவியும் கோலும் மண்வெட்டியும் இருக்கிறதா, பனிச்சரிவுப் பயிற்சி எடுத்தாயா, உன்னோடு வருகிறவர்கள் எடுத்தார்களா, அவலாஞ்ச் கனடா போடும் அறிவிப்பைப் புறப்படுமுன் பார்க்கிறாயா என்று கேளுங்கள். ஆரம்பப் பயிற்சி ஒரு வார இறுதியில் முடிந்துவிடும். அதற்கு ஆகும் காசு ஒரு நல்ல ஷொக்கின் விலையை விடக் குறைவு.

என் தங்கச்சியின் மகனும் போன மார்கழியில் சஸ்பென்ஷனுக்குப் பாதிக் காசு கேட்டு வந்தான். "மாமா, நீங்களே இந்த வேலை செய்தனீங்கள், உங்களுக்குத் தெரியும்தானே" என்றான். தெரிந்தபடியால்தான் பயிற்சிக்கும் கருவிக்கும் நான் காசு கட்டினேன். ஷொக்கை அவன் உழைத்து வாங்கட்டும்.

உங்கள் வீட்டுப் பெடியள் யாரும் மெஷினைக் கொண்டு வரலாம். அளவுநாடா என்னிடம் இருக்கிறது, தேத்தண்ணியும் தருவேன். மலைக்குப் போடும் உடுப்போடு வரச் சொல்லுங்கள்.