ஆடிவேலும் கொழும்பு வணிகரும்

கொழும்பு ஆடிவேலைப் பக்தி விழாவாக மட்டும் பார்ப்போர், அதனைத் தாங்கிய வணிகக் கூட்டுறவைப் பெரும்பாலும் கவனிப்பதில்லை. கொலரா அச்சத்தால் கதிர்காம முருகன் கோயில் யாத்திரை கட்டுப்படுத்தப்பட்டு, பக்தர் அங்கு செல்ல முடியாமற்போனமையே 19ஆம் நூற்றாண்டில் இவ்விழா தொடங்கக் காரணம் என்பர். அரிசி இறக்குமதியிலும் வட்டித் தொழிலிலும் ஈடுபட்டிருந்த நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள், செட்டியார் தெருக் கதிரேசன் கோயில்களிலிருந்து முருகனின் வேலைத் தேரேற்றி, காலி வீதி வழியே பம்பலப்பிட்டி, வெள்ளவத்தைப் பக்கம் கொண்டுசென்றனர். வணிகர் தம் கொடுக்கல் வாங்கலில் ஒரு சிறு பங்கைப் பொதுக் காரியத்துக்கென ஒதுக்கும் வழக்கமாகிய மகமை, அவர்களது கோயிற் செலவுகளைத் தாங்கியது. ஒருவர் கணக்கை மற்றவர் அறியாத தொழிலில் இத்தகைய ஒதுக்கீடு நிலைத்தது சாதாரணச் செய்தியன்று. தேர் செல்லும் வழியிலுள்ள கடைக்காரர்கள், வியாபாரத்தில் போட்டியாளராயினும், வாசலில் நிறைகுடம் வைப்பதிலும் தாகசாந்தி வழங்குவதிலும் ஒரே தெருவாராயினர்; விழா தந்த விற்பனையும் அதற்கு ஒரு காரணம் என்பதை மறைக்கவேண்டியதில்லை. தமிழருக்கு எதிரான 1983 ஜூலை வன்செயலில் வெள்ளவத்தைத் தமிழ்க் கடைகள் எரிக்கப்பட்டபின், ஊர்வலமும் சில ஆண்டுகள் நின்று, பின்னர் மீண்டது. தேருக்காக ஒன்றுகூடும் வணிகர்கள், குப்பை, வாகன நெரிசல் போன்ற அன்றாடச் சிக்கல்களுக்கும் ஒரு மகமை வைக்கட்டும்.