எந்த மாமா?

"உங்க குடும்பத்துல வேற யாருக்காவது பிறவியிலேயே காது கேக்காதா?"

"மாமாவுக்கு."

அம்மாவின் தம்பியைச் சொல்கிறார் என்று எடுத்துக்கொண்டு குடும்ப வரைபடத்தில் அவருக்கான சதுரத்தைக் கறுப்பாக்கினேன். அவர் சொன்னது மாமனாரை. மரபணு ஆலோசகராக வந்த புதிதில் செய்த பிழை. ஒரு வாரம் காரணத்தைத் தப்பான கிளையில் தேடிக்கொண்டிருந்தேன்.

எங்கள் தொழிலுக்கு முதல் கருவி பேனாவும் வெள்ளைத்தாளும்தான். ஆணுக்குச் சதுரம், பெண்ணுக்கு வட்டம், குறை உள்ளவருக்குக் கறுப்பு. தம்பதிக்கு ஒற்றைக்கோடு, சொந்தத்தில் கட்டியவர்களுக்கு இரட்டைக்கோடு. நான் படித்த புத்தகங்களில் இரட்டைக்கோடு அபூர்வம். குடமுருட்டி பிரிகிற எங்கள் திருக்காட்டுப்பள்ளிப் பக்கம் பேனா தானாகவே இரண்டு தரம் இழுக்கும். 2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் மணமான பெண்களில் 28 சதவீதம் பேர் சொந்தத்தில் வாழ்க்கைப்பட்டவர்கள். நாட்டுச் சராசரி 11.

இங்கே மாமா என்றால் தாய்மாமன், அத்தை புருஷன், மாமனார். கட்டிய கணவனும் மாமாதான். சில வீடுகளில் இந்த நான்கு பேரும் இரண்டே ஆட்களாக இருப்பார்கள். அதனால் "யார் கூடப் பிறந்தவர்? ஒரே வயித்துப் பிள்ளைகளா?" என்று கேட்கப் பழகினேன். ஆண்களிடம் கேட்டுப் பயனில்லை; திண்ணையில் இருக்கும் அப்பாயிக்குத்தான் நாலு தலைமுறை தெரியும். "குழந்தை இறந்திருக்கா?" என்றால் இல்லை என்பார்கள். "ஏதாச்சும் தங்காமப் போச்சா?" என்றால் கணக்கு வரும்.

பங்காளி வீட்டில் பெண் எடுப்பது இங்கே நினைத்தும் பார்க்க முடியாதது. அத்தை மகளோ முறைப்பெண். பெரும்பாலான மரபணுக்களுக்கு இந்த முறை தெரியாது. பெரியப்பா மகளோ அத்தை மகளோ, மரபணுக்களில் எட்டில் ஒரு பங்கு பொது. அக்கா மகள் என்றால் நான்கில் ஒரு பங்கு.

ஒரு விவசாயப் பெரியவர் என்னை மடக்கினார். "நெல்லு தன் பூவுக்குள்ளயே கருப்பிடிக்குது. அது கெட்டா போச்சு? நாங்க தலைமுறை தலைமுறையா அக்கா பொண்ணைத்தான் கட்டுறோம்." லேசான கேள்வியல்ல. மரபியலாளர் எல்.டி. சாங்வி 1966இல் எழுப்பிய வாதமும் ஏறக்குறைய இதுதான்: நெடுங்காலம் சொந்தத்திலேயே கட்டினால் கெட்ட மரபணுக்கள் மெல்ல வெளியேறியிருக்கலாம் என்று. அப்படி ஒன்றும் முழுக்க வெளியேறிவிடவில்லை என்பதை எங்கள் தாள்களே காட்டுகின்றன. பெரியவரிடம், "வயல்ல கலவன் தெரிஞ்சா பிடுங்கிப் போட்டுடுவீங்க. வீட்டுல பிறந்ததை?" என்றேன். காப்பி கொண்டுவரச் சொல்லிவிட்டுப் பேச்சை மாற்றினார்.

சொந்தத்தில் கட்டியவர்களுக்கும் பெரும்பாலும் நல்ல குழந்தைகளே பிறக்கின்றன. அதையும் சொல்லாமல் பயமுறுத்துகிற மருத்துவர்களோடு எனக்கு ஒத்துப்போவதில்லை.

அண்மையில் ஒரு வீடு. தாய்மாமனைக் கட்டியவருக்கு இரண்டு வயதுப் பெண், பிறவியிலேயே காது கேளாது. கனெக்சின் 26 என்ற புரதத்துக்கான மரபணுவில் ஓர் எழுத்து மாறியிருந்தது. அதனால் 24ஆம் இடத்திலேயே புரதம் அரைகுறையாக நின்றுவிடுகிறது. இந்தியாவில் பிறவிக் காதுகேளாமையில் அடிக்கடி தென்படும் மாற்றம் இது. தாய், தகப்பன் இருவரிடமும் ஒவ்வொரு பிரதி. இருவருக்கும் காது நன்றாகக் கேட்கும். அடுத்த குழந்தைக்கும் நான்கில் ஒரு வாய்ப்பு என்றேன். "அப்ப இன்னும் மூணு நல்லாப் பிறக்குமா?" என்றார் கணவர். எல்லா வீட்டிலும் வரும் கேள்வி. சீட்டுக்கட்டை ஒவ்வொரு தரமும் புதிதாகக் கலைக்கிறார்கள் என்று சொல்வேன்.

வழக்கமாக மாமியார் "இவ கொண்டுவந்தது" என்பார். இங்கே மாமியாரே மருமகளுக்கு அம்மாச்சி. தாளைப் பார்த்தார். மகனுக்கும் மருமகளான பேத்திக்கும் போகிற இரண்டு கோடுகளையும் விரலால் மேலே ஏற்றிக்கொண்டே போனார். இரண்டும் அவரிடமும் செத்துப்போன அவர் கணவரிடமும் வந்து நின்றன.

"எங்க ரெண்டு பேர்ல யாரு?"

"உங்க ரத்தத்தைச் சோதிச்சா தெரியும். வேணுமா?"

வேண்டாம் என்று தலையசைத்தார். அவர் விரல் பக்கத்திலிருந்த ஒரு சின்ன வட்டத்துக்கு நகர்ந்தது; குறுக்கே கோடு போட்டிருந்தது. தங்காமல் போன மூத்த பெண். அவளுக்குப் பெயர் வைத்தாயிற்று என்றார். எங்கள் வரைபடத்தில் பெயர் எழுதும் வழக்கமில்லை. அவர் சொன்னதை வட்டத்தின் கீழே எழுதினேன்.