இத்தாலிக் கோட்டு

மார்கழியும் தையும் எங்கள் பக்கத்தில் களத்துக் காலம். சம்பா அறுத்து, கட்டுகளைக் களத்தில் அடித்து, தூற்றி, நெல்லை அம்பாரமாகக் குவித்துவிட்டால் அன்று ராத்திரி அங்கே ஒருவர் படுத்தே ஆக வேண்டும். வெண்ணாற்றங்கரைப் பனி எலும்பு வரைக்கும் இறங்கும். எங்கள் களத்தில் காவலுக்குப் படுத்தவர் ஒரு மிலிட்டரி கோட்டைப் போட்டுக்கொண்டிருப்பார். முழங்காலுக்குக் கீழே தொங்கும் கனத்த கம்பளிக் கோட்டு. பித்தளைப் பொத்தான்கள் பாதிக்கு மேல் போய்விட்டன. அந்த இடங்களில் சணல் கயிறு. பீடி, வைக்கோல் தூசு, நனைந்த கம்பளி, மூன்றும் சேர்ந்த அதன் வாசனை இன்னும் எனக்கு மறக்கவில்லை.

அறுப்பு முடிந்ததும் கோட்டு எங்கள் வீட்டுக்கு வந்துவிடும். பத்தாயத்துக்குப் பின்னால் ஓர் ஆணியில் அடுத்த தை வரைக்கும் தொங்கும். எங்கள் வீட்டில் இருந்ததால் அது எங்கள் கோட்டு என்றே ஆகிவிட்டது. தாத்தாவின் தம்பி பட்டாளத்தில் கணக்கு எழுதினாராம், அவர் கொண்டுவந்தது என்று பெரியவர்கள் சொல்வார்கள். விசேஷத்துக்கு வரும் உறவுக்காரர்களிடம் அதை எடுத்துக் காட்டுவதும் உண்டு. காவல்காரருக்கு நாம்தான் இரவல் கொடுக்கிறோம் என்பது வீட்டு நினைப்பு.

அந்தக் கோட்டு காவல்காரருடையது. அவர் இத்தாலியில் சண்டைக்குப் போய்வந்தவர்.

பழைய பட்டாளத்துத் துணி ஒன்று வீட்டில் கிடந்தால் அந்த வீட்டில் ஒரு சிப்பாய் இருந்தார் என்று எடுத்துக்கொள்வது நம் வழக்கம். இரண்டாம் உலகப்போர் முடிந்தபோது தேவைக்கு மேல் குவிந்து கிடந்த கூடாரம், பூட்ஸ், கம்பளி, கோட்டு எல்லாவற்றையும் அரசாங்கம் ‘டிஸ்போசல்’ என்று விற்றுத் தள்ளியது. சென்னை மூர் மார்க்கெட்டில் மட்டுமா, சின்ன ஊர்ச் சந்தைகளில்கூட அந்தச் சாமான் வந்தது. பட்டாளத்தையே பார்த்திராத ஆட்களெல்லாம் மிலிட்டரி கோட்டு போட்டுக்கொண்டு திரிந்த காலம் அது. காக்கியாக இருந்தால் குழப்பம் இன்னும் கூடும். ரயில்வேக்காரர், போலீஸ்காரர், விமான குண்டுக்குப் பயந்து ஊரை இருட்டாக்கிய ஏ.ஆர்.பி. ஆட்கள், எல்லாருக்கும் காக்கிதான். கீழத்தஞ்சையில் காக்கி என்றாலே மலபார் ஸ்பெஷல் போலீஸ் ஞாபகம் வந்து முகம் சுருங்கும் கிழவிகளை நான் பார்த்திருக்கிறேன். விவசாயச் சங்கத்துக்காரர்களைத் தேடி அந்தப் போலீஸ் குடிசை குடிசையாக நுழைந்த நாட்கள் அவர்களுக்கு மறக்கவில்லை.

ஆகவே துணியை வைத்திருப்பவர் சொல்லும் கதையை ஓரமாக வைத்துவிட்டுத் துணியைத்தான் முதலில் கேட்க வேண்டும். துணி பேசும்.

காவல்காரர் போய்ச் சேர்ந்து பல வருஷம் கழித்து, பழைய வீட்டைப் பிரிக்கும்போது, அந்தக் கோட்டைப் பகல் வெளிச்சத்தில் விரித்துப் பார்த்தேன். உள்பக்கம் மங்கலாக ஒரு முத்திரை: அகன்ற அம்பு ஒன்று, அதன் கீழே ‘ஐ’ என்ற ஆங்கில எழுத்து. அம்பு அரசாங்கச் சொத்துக்கான குறி, ‘ஐ’ இந்தியாவுக்கு. களத்தில் அம்பாரத்தின் மேல் சாணிக் கரைசலால் குறி வைப்பார்களே, ஒரு மரக்கால் நெல்லை யாராவது எடுத்தாலும் குறி கலைந்து காட்டிக்கொடுக்கும். அம்பு முத்திரையும் அந்த மாதிரிதான். அது மனிதர் பேரைச் சொல்லாது, இது சர்க்கார் பொருள், எடுக்காதே என்று மட்டும் சொல்லும்.

முத்திரைக்குக் கொஞ்சம் தள்ளி, கழுத்துப்பட்டைக்குக் கீழே, கையால் எழுதிய இலக்கங்கள். நேராகப் பார்த்தால் வெறும் கறை. டார்ச்சைச் சாய்த்துப் பிடித்தபோது கடைசி இலக்கங்கள் தெளிந்தன. பட்டாளத்தில் சாமானுக்குச் சாமான் எண் போடுவார்கள். நூறு கோட்டு ஒரே மாதிரி தொங்கும் இடத்தில் தன்னுடையதை வேறு எப்படி எடுப்பது?

1939-ல் சுமார் 2 லட்சம் பேராக இருந்த இந்தியப் படை 1945-ல் 25 லட்சத்தைத் தொட்டது. கட்டாயமில்லை, எல்லாரும் தாமாகச் சேர்ந்தவர்கள் என்று புத்தகங்கள் எழுதுகின்றன. தாமாக என்றால் என்ன? 1942-ல் பர்மா விழுந்ததும் பர்மா அரிசி நின்றது. நெல் விளையும் தஞ்சாவூரிலேயே நெல்லை விளைவித்தவர் வயிறு காய்ந்தது. மூன்று வேளைச் சோறு, மாதச் சம்பளம், உடுக்கத் துணி என்றால் பண்ணையாளின் பிள்ளை போகாமல் என்ன செய்வான்?

அதற்கு முன்னால் அதே சர்க்கார் தமிழர்களைப் போருக்கு லாயக்கில்லாதவர்கள் என்று ஒதுக்கியிருந்தது. மதராஸ் ரெஜிமென்டின் பழைய பட்டாளங்கள் 1928-க்குள் ஒவ்வொன்றாகக் கலைக்கப்பட்டன. 1941-ல், ஆள் தேவைப்பட்டவுடன், அதே ரெஜிமென்டை மறுபடி எழுப்பினார்கள். இடையில் அறுபடாமல் தொடர்ந்தது பெங்களூரை இருப்பிடமாகக் கொண்ட மதராஸ் சாப்பர்கள்தான். 1780-ல் தொடங்கிய படை. பாலம் போடுவது, பாதை வெட்டுவது, கண்ணிவெடி எடுப்பது அவர்கள் வேலை. மண்வெட்டி பிடித்த கைக்கு அங்கே மதிப்பிருந்தது. சேரியிலிருந்து போனவர்களையும் அந்தப் படை சேர்த்துக்கொண்டது.

திருச்சி காந்தி மார்க்கெட் பக்கம் போகும்போதெல்லாம் முதல் உலகப்போர் நினைவுச் சின்னத்தைப் பார்க்கிறேன். எத்தனை பேர் போனார்கள், எத்தனை பேர் உயிர் விட்டார்கள் என்று கல் சொல்கிறது. பேர் ஒன்றுகூட இல்லை. இந்த மாதிரிக் கற்கள் தமிழ்நாட்டில் பல ஊர்களில் உண்டு, எல்லாம் ஒரே வாசகம், எண்ணிக்கை மட்டும் மாறும். பிரான்சில் லவெந்தி என்ற ஊருக்குப் பக்கத்தில் 2016-ல் இரண்டு சிப்பாய்களின் எலும்புகள் கிடைத்தன. தோள்பட்டையில் குத்தியிருந்த ‘39’ என்ற உலோக எண்ணை வைத்து 39-வது கார்வால் ரைஃபிள்ஸ் என்று கண்டுகொண்டார்கள். அடுத்த வருஷம் நவம்பரில் அங்கேயே மரியாதையோடு அடக்கம் செய்தார்கள். படை தெரிந்தது, பேர் தெரியவில்லை. செம்பும் பித்தளையும் அவ்வளவுதான் சொல்லும். மீதியை மனிதர் சொன்னால்தான் உண்டு.

எங்கள் கோட்டுக்கு அந்த மனிதர் இருந்தார். காவல்காரரின் மகள், வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் காலனி வீட்டில். கோட்டைப் பார்த்ததும் அவர் கேட்டது, “இன்னுமா வச்சிருக்கீங்க தம்பி, எங்கப்பா கோட்டை?” என்றுதான். பிறகு உள்ளே போய், வெற்றிலை டப்பா ஒன்றைக் கொண்டுவந்து திறந்தார். ஆறு முனை நட்சத்திரம் ஒன்று. ரிப்பன் எப்போதோ மக்கிப்போயிருந்தது. நட்சத்திரத்தில் ‘தி இத்தாலி ஸ்டார்’ என்ற ஆங்கில எழுத்துகள். கூடவே ஒரு வட்ட மெடல்: ஒரு பக்கம் ஆறாம் ஜார்ஜ் தலை, மறுபக்கம் இரட்டைத் தலை டிராகனின் மேல் நிற்கும் சிங்கம். போர் மெடல். பிரிட்டிஷ் சிப்பாய்களுக்கு இதைப் பேர் பொறிக்காமல்தான் கொடுத்தார்கள். இந்தியப் படையினரின் மெடலில் விளிம்பில் எண், பதவி, பேர், படை என்று வரிசையாக இருக்கும். மெடலை விரலால் திருப்பிக்கொண்டே கோட்டில் பார்த்த இலக்கங்களை ஒவ்வொன்றாகச் சேர்த்துப் பார்த்தேன். சேர்ந்தன. அவர் பேரை ஆங்கில குமாஸ்தா காதில் விழுந்தபடி எழுதியிருந்தான், ஆனாலும் அவர் பேர்தான்.

“இத்தாலி குளிருக்குக் குடுத்த கோட்டுன்னு சொல்லும். மலைமேல ரோடு போட்டோம், ராத்திரியிலதான் போடணும், பகல்ல போட்டா குண்டு விழும்னு சொல்லும்” என்றார் மகள். ரோடு போடுவது சாப்பர் வேலை. 1944 பிப்ரவரியில் இத்தாலியின் மாண்டே கசினோ மலையை முட்டிய 4-வது இந்தியப் பிரிவோடு மதராஸ் சாப்பர்களின் 12-வது ஃபீல்ட் கம்பெனி இருந்தது. மழையும் பனியும் சேறுமாக இருந்த அந்த மலையில் டாங்கி ஏறுவதற்குப் பாதை வெட்டியது இந்தியச் சாப்பர்களும் நியூசிலாந்துக்காரர்களும். போர் வரலாற்றில் அதற்கு ஒன்றிரண்டு பக்கம் இருக்கிறது. ஊரில் ஒரு வார்த்தைகூட இல்லை.

அப்படியானால் கோட்டு ஏன் எங்கள் வீட்டு ஆணியில் தொங்கியது? கேட்டேன். கூரை ஒழுகும், கம்பளி மக்கிப்போகும் என்று முதலில் சொன்னார். கொஞ்ச நேரம் கழித்துத்தான் மற்றதைச் சொன்னார். அந்தக் காலத்தில் சேரி ஆட்கள் மேல்சட்டை போட்டுக்கொண்டு ஊர்த்தெருவில் நடக்க முடியாது. கசினோவில் போட்ட கோட்டை அவர் சொந்த ஊரில் பகலில் போட முடியவில்லை. ராத்திரி, களத்தில், எங்கள் நெல்லுக்குக் காவலாக இருக்கும்போது மட்டும் யாரும் தடுக்கவில்லை. மற்ற மாதங்களில் அது பண்ணை வீட்டில் இருப்பதே பத்திரம் என்று கொடுத்து வைத்தார். வீட்டில் அவரைவிட வயதில் சிறியவர்கள்கூட ‘வாடா’ என்றுதான் கூப்பிட்டார்கள். கோட்டு யாருடையது என்று அவரிடம் ஒரு தடவை கேட்டிருந்தால் போதும், சொல்லியிருப்பார். கேட்கத் தோன்றவில்லை என்பது சாதியின் வேலை. அதற்கு வேறு பேர் வைக்க எனக்கு மனம் வரவில்லை.

கோட்டு இப்போது மகள் வீட்டில் இருக்கிறது. பேத்தி பள்ளிக்கூடத்துக்கு எடுத்துக்கொண்டு போய்க் காட்டினாளாம்.

டெல்டாவில் இந்த மாதிரி எத்தனையோ துணிகள் பரணிலும் டிரங்குப் பெட்டியிலும் கிடக்கின்றன. பழைய துணிக்கு எவர்சில்வர் பாத்திரம் கொடுப்பவர் வாசலில் நிற்கும்போது ஒரு நிமிஷம் பொறுங்கள். துவைக்காதீர்கள், இஸ்திரி போடாதீர்கள். மை போனால் ஆள் போனார். கழுத்துப்பட்டை, பாக்கெட் உள்பக்கம், இடுப்புப் பட்டி மூன்றையும் புரட்டிப் பாருங்கள். எண் இருந்தால் போட்டோ எடுங்கள், நோட்டில் எழுதுங்கள். எண் மட்டும் போதாது. முதல் உலகப்போர்க் காலத்தில் ஒவ்வொரு பட்டாளமும் தனித்தனியாக எண் போட்டதால் ஒரே எண் பலருக்கு இருக்கும். மெடல் இருந்தால் விளிம்பைப் பாருங்கள். திரும்பி வராதவர் என்றால் காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் பதிவேட்டில் தேடுங்கள். தகப்பன் பேரும் ஊரும் தஞ்சாவூர் ஜில்லாவும் போட்ட பதிவுகள் அதில் உண்டு. திரும்பி வந்தவர் என்றால் டிஸ்சார்ஜ் புத்தகத்தோடு மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்துக்குப் போங்கள். இதற்கெல்லாம் முன்னால், அந்தத் துணியை உங்கள் வீட்டுக்கு வெளியே யாரெல்லாம் போட்டிருந்தார்கள் என்று விசாரியுங்கள். வாய்க்காலைத் தாண்டிப் போய்க் கேளுங்கள். சொல்லக்கூடியவர்களுக்கு எண்பது வயது ஆகிவிட்டது.