கிழங்கு தோண்டப் போகும் குட்டித் தொப்பிகள்

ஜப்பானில் அக்டோபர் பிறந்துவிட்டால், மழலையர் பள்ளி டீச்சர்களுக்கு மூச்சுவிட நேரம் இருக்காது. முதலில் விளையாட்டு விழா. அது முடிந்த கையோடு கிழங்கு தோண்டும் பயணம். பிறகு, சிவந்த இலைகளும் ஓக் மரக் கொட்டைகளும் பொறுக்கப் பூங்கா நடை.

கிழங்கு என்றால் நம்ம சர்க்கரைவள்ளிதான். அதற்குப் பேர்போன ஊர், சைத்தாமா மாநிலத்தில் உள்ள கவாகோயே. டோக்கியோவின் இகெபுகுரோ ஸ்டேஷனில் எக்ஸ்பிரஸ் ரயில் ஏறினால் சுமார் அரை மணி நேரம். கறுப்புச் சுவர்க் கிடங்கு வீடுகள் வரிசையாக நிற்கும் பழைய தெருவில் கிழங்கு சிப்ஸ், கிழங்கு ஐஸ்க்ரீம் எல்லாம் கிடைக்கும்.

தோட்டத்தில் விவசாயி முன்கூட்டியே கொடியை அறுத்து வைத்திருப்பார். குழந்தைகள் கையுறை மாட்டிக்கொண்டு மண்ணைப் பறிப்பார்கள். கிழங்கு வர மறுத்தால், இரண்டு மூன்று பேர் சேர்ந்து இழுப்பார்கள். தோண்டியதை அன்றே அவித்தால் அவ்வளவு இனிக்காது. சில வாரம் வைத்திருந்தால்தான் மாவுச்சத்து சர்க்கரையாகும். காத்திருக்கக் கற்றுக்கொடுக்க இதைவிட நல்ல பாடம் ஏது? அறுத்த கொடியும் வீணாகாது. டீச்சர் அதை வளையமாகச் சுற்றிக் காயவைத்தால், கிறிஸ்துமஸ் அலங்காரம் தயார்.

இந்த வட்டாரத்துக்கு இன்னொரு பெருமையும் உண்டு. 1694-ல் கவாகோயே பிரபுவின் உத்தரவில் இங்கே புதுநிலம் திருத்தப்பட்டது. ஒவ்வொரு குடும்பத்துக்கும் நீளவாக்கில் ஒரு துண்டு: முன்னால் வீடு, நடுவில் வயல், பின்னால் ஓக் மரத் தோப்பு. தோப்பில் உதிரும் இலைகளைக் கூட்டி மட்கவைத்து வயலுக்கு உரமாக்கினார்கள். இன்றும் அந்த வழக்கம் தொடர்கிறது. 2023-ல் ஐ.நா.வின் உணவு, வேளாண் அமைப்பு இதை உலக வேளாண் பாரம்பரியமாக அங்கீகரித்தது.

ஆக, கிழங்குக்கு உரம் தருவதும், குழந்தைகளுக்குக் கொட்டை தருவதும் ஒரே மரம்தான். அந்தக் கொட்டைகளை டீச்சர்கள் முதலில் வெந்நீரில் கொதிக்கவைப்பார்கள், அல்லது ஃப்ரீஸரில் போடுவார்கள். இல்லையென்றால் உள்ளே இருக்கும் வண்டுப் புழு, வகுப்பறையில் ஊர்ந்து வந்துவிடும்!

பார்க்க அழகான இந்த நடைகளுக்குப் பின்னால் பெரிய பொறுப்பு இருக்கிறது. 2019 மே மாதம், ஓட்ஸு நகரில் கார்கள் மோதிய விபத்தில், நடைக்கு வந்து சிக்னலில் காத்திருந்த 2 வயதுக் குழந்தைகள் இருவர் இறந்தார்கள். நாடே அழுதது. ஆனாலும் நடைகள் நிற்கவில்லை. நகரத்துக் காப்பகங்கள் பலவற்றில் சொந்த மைதானம் கிடையாது; பக்கத்துப் பூங்காதான் மைதானம். அந்த ஆண்டே, காப்பகங்களைச் சுற்றி ஓட்டுநர்களை எச்சரிக்கும் ‘கிட்ஸ் ஸோன்’ அமைக்க அரசு வழிகாட்டியது. காப்பகங்களில் 4, 5 வயதுக் குழந்தைகள் 30 பேருக்கு ஓர் ஆசிரியர் என்ற கணக்கு, 70 ஆண்டுகளுக்கு மேல் மாறாமல் இருந்து, 2024 ஏப்ரலில்தான் 25 ஆனது.

இலையுதிர் காலத்தில் ஜப்பான் போனால், கவாகோயே பக்கத்துச் சுற்றுலாத் தோட்டங்களில் நீங்களும் கிழங்கு தோண்டலாம். முன்பதிவு செய்துவிட்டுப் போங்கள். வழியில் ஒரே நிறத் தொப்பி போட்ட குட்டிகள், இரண்டிரண்டு பேராகக் கைகோத்து வருவார்கள். இன்னும் சின்னவர்கள் தள்ளுவண்டிக்குள் நின்றபடி வருவார்கள். போட்டோ எடுக்க முந்தாதீர்கள். ஒதுங்கி வழிவிட்டு, கையசையுங்கள். டீச்சருக்கு அதுவே பெரிய உதவி.