கோடியக்கரைக்கு ஒரு தேதி

கோடியக்கரை என்றதும் தமிழ் வாசகர்களில் பெரும்பாலோருக்குப் பூங்குழலி நினைவுக்கு வருவாள். 'பொன்னியின் செல்வ'னில் வந்தியத்தேவன் சிக்கிக்கொள்ளும் சேற்றுப் பள்ளமும், கலங்கரை விளக்கமும், குழகர் கோயிலும் இந்த ஊரைச் சேர்ந்தவை. கல்கி கோடிக்கரை என்று எழுதினார். பேருந்துப் பலகைகளில் கோடியக்கரை. ஐம்பதுகளின் தொடக்கத்தில் அந்தத் தொடரைப் படித்தவர்களின் பேரப்பிள்ளைகள் இன்றும் அவளைத் தேடி அங்கே போகிறார்கள். சோழர் காலத்தது என்று சொல்லப்பட்டுவந்த பழைய விளக்கின் செங்கல் எச்சமும் 2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலையில் போய்விட்டது. ஆனால் சேறு இருக்கிறது. கதையில் கதாநாயகனை உள்ளிழுத்த அதே சேற்றை நம்பித்தான் ஒவ்வோர் ஆண்டும் ஆயிரக்கணக்கான மைல்களுக்கு அப்பாலிருந்து பறவைகள் வருகின்றன.

இந்த ஆண்டு அப்பாவை அங்கே அழைத்துச் செல்வதென்று முடிவு செய்திருக்கிறேன். முடிவு செய்து நான்கு மாதங்கள் ஆகின்றன. தேதி மட்டும் இன்னும் அமையவில்லை. அலுவலகத்தில் ஒரு மாதம் முன்கூட்டியே விடுப்புக் கேட்கவேண்டும். மலைவாசத்தலத்துக்கோ கோயிலுக்கோ என்றால் நாட்காட்டியைப் புரட்டி ஒரு வெள்ளிக்கிழமையைக் குறித்துவிடலாம். மலை அங்கேயே இருக்கும், சாமியும் இருப்பார். சதுப்பு நிலம் அப்படிப்பட்டதன்று. அது ஆண்டு முழுவதும் ஒரே இடமாக இருப்பதில்லை.

நிலப்படத்தைப் பார்த்தால் இதன் காரணம் ஓரளவு புரியும். வடக்கிலிருந்து நேராக இறங்கிவரும் சோழமண்டலக் கரை கோடியக்கரையில் சட்டென்று மேற்கே திரும்புகிறது. கிழக்கே வங்காள விரிகுடா, தெற்கே பாக் நீரிணை. அந்த முனையிலிருந்து மேற்கு நோக்கி, கடலை ஒரு மணல்மேடு மட்டும் தடுத்து நிற்க, முத்துப்பேட்டை அலையாத்திக் காடுகள் வரை சுமார் 48 கிலோமீட்டர் நீளத்துக்குக் கிடக்கிறது வேதாரண்யம் சதுப்பு. 1967இல் இங்கே சரணாலயம் அமைக்கப்பட்டபோது முதன்மையாகக் கருதப்பட்டது வெளிமான். 2002இல் சதுப்பையும் முத்துப்பேட்டைக் காயலையும் சேர்த்து 38,500 ஹெக்டேர் நிலம் ராம்சார் உடன்படிக்கையின் பட்டியலில் இடம்பெற்றது. அதன்பின் இருபது ஆண்டுகள், 2022 வரை, தமிழ்நாட்டில் அந்தத் தகுதி பெற்ற ஒரே இடம் அதுதான்.

பறவை பார்க்க எப்போது போகலாம் என்று யாரைக் கேட்டாலும் ஐப்பசி முதல் தை வரை என்பார்கள். உண்மைதான். ஆனால் அது பறவைகளின் காலம். பறவைகள் நிற்கும் இடத்தைத் தீர்மானிப்பது தண்ணீரின் ஆழம். வடகிழக்குப் பருவமழை சதுப்பை நிரப்பும்போது, கோடை வெயிலில் உப்புப் பாளமாக இறுகிக் கிடந்த நிலம் இளகுகிறது, உவர்ப்பு தணிகிறது, சேற்றுக்குள் புழுவும் பூச்சியும் கண்ணுக்குத் தெரியாத நீருயிர்களும் பெருகுகின்றன. கொசு உள்ளானுக்கு இரண்டு மூன்று விரற்கடைக்கு மேல் தண்ணீர் இருந்தால் கால் எட்டாது. பூநாரை முழங்கால் ஆழத்தில் நின்று, அலகைத் தலைகீழாகக் கவிழ்த்து, நீரைச் சலித்து உண்ணும். மழை மிகுந்துவிட்டால் சிறிய பறவைகள் ஈரம் குறைந்த ஓரங்களைத் தேடிச் சிதறிவிடும். மழை பொய்த்தால் எதற்குமே வேலை இல்லை. ஆகவே தேதி குறிப்பவர் பஞ்சாங்கத்தை விட்டுவிட்டு மழைமானியைப் பார்க்கவேண்டியிருக்கிறது.

கொசு உள்ளானைப் பற்றி இன்னும் ஒரு வார்த்தை சொல்லவேண்டும். அதன் எடை ஏறத்தாழ 25 கிராம். நம் கையில் ஒரு சிறிய எலுமிச்சம்பழம் அளவுக்குக்கூடக் கனக்காது. வடதுருவத்தை ஒட்டிய சைபீரியச் சமவெளியில் முட்டையிட்டுக் குஞ்சு பொரிக்கும் இனம் அது. குளிர் இறங்கும் முன் அங்கிருந்து கிளம்பி, பாலைவனங்களையும் மலைத்தொடர்களையும் கடந்து நம் கடற்கரைச் சேற்றுக்கு வந்துசேர்கிறது. சாலிம் அலியின் முனைப்பில் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் கோடியக்கரையில் பறவைகளின் காலில் வளையம் பூட்டி ஆராயத் தொடங்கியதிலிருந்து இந்தப் பயணங்களைப் பற்றி நிறையத் தெரியவந்திருக்கிறது. இவ்வளவு தூரம் வருகிற ஒன்றை, இரண்டு நாள் விடுப்பில் போய்ச் சந்தித்துவிடலாம் என்று நாம் நினைப்பதை எண்ணினால் சிறிது கூச்சமாக இருக்கிறது.

இங்கே இன்னொரு கணக்கும் ஓடிக்கொண்டிருக்கிறது. வேதாரண்யம் என்ற பெயரை இந்திய வரலாறு அறிந்தது உப்பினால். 1930 ஏப்ரலில் ராஜாஜி தலைமையில் திருச்சியிலிருந்து நடந்துவந்த தொண்டர்கள் உப்பை அள்ளியது இந்தக் கரையில்தான். இன்றும் கோடியக்கரைக்குப் போகும் வழியெங்கும் பாத்திகள். உப்பு விளையக் கடும் வெயில் வேண்டும். மழை வந்தால் அளத்து வேலை நின்றுவிடும். தொழிலாளிக்குக் கூலி நிற்கும் மாதங்களே பறவைகளுக்கு விருந்து மாதங்கள். ஒரே நிலம், ஒரே நீர். ஒருவருடைய அறுவடை மற்றவருடைய பட்டினி. அளங்கள் விரிய விரியச் சதுப்பு சுருங்குகிறது என்பதும், உப்பு எடுத்தபின் மிஞ்சும் கசப்பு நீர் சேற்றின் உயிரை மாற்றுகிறது என்பதும் ஆய்வாளர்கள் நெடுநாளாகச் சொல்லிவருபவை. 1934இல் மேட்டூர் அணை கட்டி முடிக்கப்பட்டபின் கடைமடைக்கு வரும் நன்னீரும் வண்டலும் குறைந்துபோயின. இத்தனையும் சேர்ந்துதான் ஒரு பறவை ஓரிடத்தில் நிற்பதும் நில்லாமல் போவதும் தீர்மானமாகிறது. ஆனாலும் அளத்தில் பாத்தி மிதிக்கும் மனிதரைப் பறவையின் எதிரி என்று சொல்லிவிட என்னால் முடியவில்லை. அவருக்கும் அந்த மண்ணை விட்டால் வேறு போக்கிடம் இல்லை.

அப்பாவுக்கு இந்தச் சதுப்பு பழக்கமானது. எழுபதுகளில் மூன்று ஆண்டுகள் வேதாரண்யத்தில் ஒரு வங்கிக் கிளையில் எழுத்தராக இருந்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விடுவாராம். அவர் கையில் தொலைநோக்கி இல்லை, பறவை நூல் இல்லை. தூரத்தில் தண்ணீரின் மீது வெளிர்சிவப்பாக ஒரு கோடு தெரியும் என்றும், மீன்பிடிப் படகு ஒன்று நெருங்கினால் அந்தக் கோடு அப்படியே எழுந்து, உள்சிறகின் கருஞ்சிவப்பு தெரிய, வானில் ஒரு முறை திரும்பி மறுபடி கோடாகப் படியும் என்றும் சொல்வார். எங்கள் வீட்டில் பூநாரை என்பது ஒரு பறவையின் பெயர் அன்று. அப்பா மாற்றலாகி வருவதற்கு முந்தைய வாழ்க்கையின் பெயர்.

இப்போது அவருக்கு எழுபத்தெட்டு வயது. கிளாக்கோமா இரு கண்களிலும் ஓரப் பார்வையைத் தின்றுவிட்டது. நடுவில் ஒரு வட்டம் மட்டும் மிஞ்சியிருக்கிறது. எதிரே இருப்பவரின் முகம் தெரியும். பக்கத்தில் நீட்டிய கை தெரியாது. இருக்கிற பார்வையைச் சொட்டு மருந்தால் காப்பாற்றலாம், போனது திரும்பாது என்று மருத்துவர் தெளிவாகச் சொல்லிவிட்டார். அடுத்த ஆண்டு பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட இந்தப் பயணத்தில் இடம் இல்லாமற்போனது இதனால்தான்.

அவரால் எதைப் பார்க்கமுடியும் என்பதே திட்டத்தின் முதல் கேள்வியாயிற்று. கோடியக்கரையில் காடும் இருக்கிறது. பாலைமரங்கள் அடர்ந்த, எப்போதும் பசுமை மாறாத உலர்காடு. அங்கே இலைகளுக்கிடையே தாவும் சிறு குருவியை நல்ல கண்களே தவறவிடும். திறந்த வெளியில் மேயும் வெளிமானும் ஒரு பாய்ச்சலில் அவருடைய வட்டத்தை விட்டு வெளியேறிவிடும். சதுப்பு வேறு. மேயும் பூநாரை அவசரப்படுவதில்லை. ஒரே இடத்தில் காலால் சேற்றை மிதித்துக் கலக்கிக்கொண்டு நெடுநேரம் நிற்கும்.

நண்பர் ஒருவர் மூன்று கால் தாங்கியில் பொருத்தும் ஒற்றைக்கண் தொலைநோக்கியை இரவல் தந்தார். அதை மொட்டை மாடியில் வைத்து, பின்புறக் குட்டையில் நின்ற ஒரு கொக்கின் மீது குறிவைத்து, அப்பாவைக் குனியச் சொன்னேன். சற்று நேரம் பேச்சே இல்லை. பிறகு, "கண்ணு மஞ்சளா இருக்குப்பா" என்றார். நான் பார்த்தேன். மஞ்சள்தான். அந்தக் குழாய்க்குள் யார் எட்டிப்பார்த்தாலும் தெரிவது ஒரு சிறு வட்டம்தான்; சுற்றிலும் இருட்டு. தொலைநோக்கியில் குனியும் எல்லோரும் அந்த நிமிடத்துக்கு ஓரப் பார்வை இழந்தவர்களே. அவருக்கும் எனக்கும் அதில் வேறுபாடு இல்லை. அன்றிலிருந்து தினமும் காலையில் அவராகவே மாடிக்குப் போய்ப் பழகிக்கொண்டிருக்கிறார்.

திட்டத்தின் மற்ற விவரங்கள் இதையொட்டி ஒவ்வொன்றாக அமைந்தன. வேதாரண்யத்திலிருந்து தெற்கே போகும் சாலைக்கு மேற்கில் சதுப்பு இருக்கிறது. ஆகவே காலையில் போனால் வெயில் நம் முதுகுப்புறம். மாலையில் போனால் தண்ணீரின் கூச்சம் அவர் கண்ணைக் குத்தும். அதிகாலையில் அங்கே இருக்க, முந்தைய இரவே வேதாரண்யத்தில் தங்கவேண்டும். ரயில் வேண்டுமென்பது அப்பாவின் விருப்பம். அவர் காலத்து மீட்டர்கேஜ் பாதை மூடப்பட்டு நெடுநாள் கிடந்து, திருத்துறைப்பூண்டி–அகஸ்தியம்பள்ளி இடையே 37 கிலோமீட்டர் அகலப்பாதையாக 2023 ஏப்ரலில் திறக்கப்பட்டது. தை அமாவாசையன்று கோடியக்கரையில் கடலாட வருபவர்களின் கூட்டம் பெரிது; அந்த நாளையும் அதன் முன்பின் நாட்களையும் விலக்கியாயிற்று.

கூட்டத்தை விலக்குவது என்று எழுதும்போது சுந்தரர் நினைவுக்கு வருகிறார். கோடிக் குழகரைப் பாடிய பதிகத்தில், ஆந்தை அலறும் இந்தக் காற்றடிக்கும் கரையில், அருகே ஒரு குடியிருப்புகூட இல்லாமல் தனியே இருக்கிறீரே, உமக்கு யார் துணை என்று இறைவனைப் பார்த்து அவர் வருந்துகிறார். மனிதர் இல்லாமை அவருக்குத் துயரமாகத் தெரிந்திருக்கிறது. இன்று அந்தத் தனிமையைச் சட்டம் போட்டுக் காக்கிறோம். போகிற நாமும் அந்தத் தனிமையில் ஒரு கீறல்தான். வண்டியைச் சாலையிலேயே நிறுத்துவது, பறவை எழும்பும் தூரத்துக்குப் போகாமலிருப்பது, கோடு வானில் எழுவதைப் பார்க்கும் ஆசைக்காக அதைக் கலைக்காமலிருப்பது ஆகிய மூன்றையும் அப்பாவிடம் சொன்னேன். அவர் இளமையில் கண்ட காட்சியின் பாதியை இது பறித்துவிடுகிறது. "எழுந்தாத்தான் பூநாரையா? நிக்கிறப்பவும் பூநாரைதானே" என்று முடித்துவிட்டார்.

எதுவுமே கண்ணில் படாமற்போகவும் கூடும். 2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் நாகைக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையேறியபோது, காட்டின் மரங்கள் பெருமளவில் சாய்ந்தன, வெளிமான்கள் மடிந்தன, ஊரே தென்னையையும் கூரையையும் இழந்து நின்றது. அவ்வளவு பெரிதாக ஏதும் நிகழாவிட்டாலும், பருவமழை நாலு நாள் முன்பின் ஆனால் போதும், பறவைகள் முத்துப்பேட்டைப் பக்கமோ அதற்கு அப்பாலோ இருக்கும். இதையும் சொல்லித்தான் வைத்தேன். "வந்திருந்தா பாப்போம். வரலைன்னா அது நின்ன தண்ணியப் பாத்துட்டு வருவோம்" என்றார் அப்பா. சரணாலயத்துக்குப் போகிறவர் மனத்தில் கொள்ளவேண்டியதை இதைவிடச் சுருக்கமாக நான் எங்கும் படித்ததில்லை. நாம் போவது பறவையைப் பார்க்க என்றாலும், காக்கப்பட்டிருப்பது பறவை அன்று. அது வந்தால் நிற்பதற்கான இடம்.

ஆகவே தேதி குறிக்கும் எண்ணத்தைக் கைவிட்டுவிட்டேன். அதற்குப் பதிலாக ஒரு வாரத்தை மார்கழிக் கடைசியில் ஒதுக்கிவைத்திருக்கிறேன். அதற்குள் எந்த மூன்று நாட்கள் என்பதை மழை சொல்லும். வேதாரண்யத்தில் அப்பாவின் பழைய அறிமுகம் ஒருவர் இன்னும் அளத்தைப் பார்த்துக்கொள்கிறார். தண்ணீர் கணுக்காலுக்கு இறங்கியதும் அவர் தொலைபேசியில் கூப்பிடுவதாக ஏற்பாடு. விடுப்பு விண்ணப்பத்தில் காரணம் என்ற இடத்தில் 'தந்தையின் கண்' என்று எழுதியிருக்கிறேன். பொய்யில்லை.