பேர் சொன்னா இல்லை, அளவு சொன்னா இருக்கு



போன வாரம் எங்கள் வீட்டுப் பத்மினியைக் கழுவி நிறுத்திப் படம் போட்டிருந்தேன். வாழ்த்திய எல்லோருக்கும் நன்றி. தனியாகச் செய்தி அனுப்பிப் பலர் கேட்ட கேள்வி ஒன்றுதான்: "சார், இதுக்கு ஸ்பேர் எங்க கிடைக்குது?" ஒரு வரியில் பதில் சொல்ல முடியவில்லை. வாத்தியார் வேலை பார்த்தவன், கொஞ்சம் நீளும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

வண்டி 1978 மாடல். 1991-ல் சேமநல நிதியில் கடன் எடுத்து, பழைய வண்டியாகத்தான் வாங்கினேன். இத்தாலியின் பியட் 1100 வடிவம், பம்பாய் குர்லாவில் பிரீமியர் கம்பெனி செய்தது. 1089 சி.சி. என்ஜின். கியர் ஸ்டியரிங்கை ஒட்டியே இருக்கும். 2000-ஐ ஒட்டி இதன் தயாரிப்பே நின்றுவிட்டது. அதற்குப் பிறகும் பத்து வருடம் போலக் கடைகளில் சரக்கு இருந்தது. அப்புறம் எதைக் கேட்டாலும், "அதெல்லாம் இப்ப வர்றதில்லீங்க சார்" என்று ஆகிவிட்டது.

முதல் பாடம் டைனமோவில் கிடைத்தது. கிர்ரென்று சத்தம். பேரிங் போய்விட்டது என்றார் மெக்கானிக் பாய். கோவை டவுனில் நாலு கடை ஏறி இறங்கினேன். "பத்மினி டைனமோ பேரிங் இருக்கா?" எல்லா இடத்திலும் இல்லை. வெறுங்கையோடு திரும்பி வந்தவனைப் பார்த்து பாய் சிரித்தார். பழைய பேரிங்கை மண்ணெண்ணெயில் போட்டுத் துடைத்தார். அழுக்குக்கு அடியில் ஓர் எண் தெரிந்தது. "இந்த நம்பரை மோட்டார் பம்புக்குப் பேரிங் விக்கிற கடையில சொல்லுங்க. பத்மினின்னு வாயைத் திறக்காதீங்க" என்றார். எண்ணைச் சொன்னேன். கடைப் பையன் ஒரே நிமிடத்தில் எடுத்துக் கொடுத்தான்.

அன்றைக்குத்தான் விளங்கியது. பொருளுக்கு வண்டியின் பெயர் கிடையாது, அளவுதான் உண்டு. உதாரணத்துக்கு 6203 என்று போட்டிருந்தால் உள்விட்டம் 17 மி.மீ., வெளிவிட்டம் 40, தடிமன் 12. எந்தக் கம்பெனி செய்தாலும் இதுதான் அளவு. அது காருக்குள் சுற்றுகிறதா, கிணற்று மோட்டாருக்குள் சுற்றுகிறதா என்பது பேரிங்குக்குத் தெரியாது.

அதற்குப் பிறகு பழைய வெர்னியர் காலிப்பர் ஒன்றை வாங்கி வண்டியிலேயே வைத்துக்கொண்டேன். ஆயில் சீல் வேண்டுமா? உள்விட்டம், வெளிவிட்டம், தடிமன் மூன்றையும் சொன்னால் வேறு ஏதோ வண்டியின் சீல் கிடைத்துவிடும். பேன் பெல்ட்டுக்கு நீளமும் அகலமும் போதும். ரேடியேட்டர் ஹோஸுக்கு விட்டத்தோடு வளைவும் பொருந்த வேண்டும். வேறு வண்டியின் நீளமான ஹோஸை எடுத்து, வளைவு ஒத்துவரும் துண்டை மட்டும் வெட்டிக்கொள்ளலாம். தண்ணீர் பம்பு பேக்கிங்கை பேக்கிங் ஷீட்டில் வரைந்து வீட்டிலேயே வெட்டிவிடுவேன். கிளட்ச் பிளேட்டுக்கும் பிரேக் ஷூவுக்கும் பழைய இரும்பின் மேலேயே புது லைனிங் அடித்துத் தருகிறார்கள். இப்போது பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால் வருவதால் பழைய ரப்பர் குழாய்கள் சீக்கிரம் கெடுகின்றன. எத்தனால் தாங்கும் குழாய் மீட்டர் கணக்கில் கிடைக்கிறது, அதையும் மாற்றியாயிற்று.

இதெல்லாம் பெருமையாகச் சொல்கிறேன். அடுத்ததைப் பெருமையாகச் சொல்ல முடியாது.

சில வருடங்களுக்கு முன் பின்சக்கரத்தில் பிரேக் ஆயில் கசிந்தது. வீல் சிலிண்டருக்குள் இருக்கும் ரப்பர் கப் தேய்ந்திருந்தது. பாய் ஊரில் இல்லை. எனக்குத்தான் எல்லாம் தெரியுமே என்று நானே கழற்றிக்கொண்டு ஒரு கடைக்குப் போனேன். அதே அளவு இல்லை. "கிட்டத்தட்ட இதேதானுங்க சார், பிடிச்சுக்கும்" என்று கடைக்காரர் வேறொரு வண்டியின் கப்பைக் கொடுத்தார். அளந்தேன். அரை மில்லிமீட்டர் சின்னது. அளந்து பார்த்துவிட்டும் போட்டேன். பிரேக் பிடித்தது. இரண்டு நாள் நன்றாகவே ஓடியது.

மூன்றாம் நாள் வீட்டுக்காரம்மாவோடு மருதமலை போய்விட்டு இறங்கிக்கொண்டிருந்தேன். ஒரு வளைவில் பெடலை மிதித்தால் கால் நேரே தரைக்குப் போகிறது. என் வண்டியில் நான்கு சக்கரத்துக்கும் ஒரே பிரேக் லைன். ஓர் இடத்தில் ஆயில் போனால் நான்கும் போச்சு. கியரை இரண்டாவதுக்கு இறக்கி, ஹேண்ட் பிரேக்கை இழுத்து, ஓரத்து மண்மேட்டில் உரசித்தான் நிறுத்தினேன். எதிரே வண்டி வராதது முருகன் புண்ணியம்.

அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. வீடு வந்து, தண்ணீர் குடித்துவிட்டுச் சொன்னார்: "வண்டிய வித்துடுங்கன்னு சொல்ல மாட்டேன். ஆனா இந்தக் கிட்டத்தட்டங்கிறதை இனிமே இதுல போடாதீங்க."

முப்பது வருடம் வகுப்பில் பாஸ்கல் விதி நடத்தியவன் நான். கரும்பலகையில் வீல் சிலிண்டர் படம் வரைந்து, அடைத்த திரவத்தில் அழுத்தம் எல்லாப் பக்கமும் சமமாகப் பரவும் என்று சொல்லிக் கொடுத்தவன். அடைத்த திரவம் என்ற இரண்டு சொல்லில்தான் எல்லாம் இருக்கிறது. அடைப்பு சரியில்லையென்றால் விதியும் இல்லை, பிரேக்கும் இல்லை. பையன்கள் விடையைத் தோராயமாக எழுதினால் பாதி மதிப்பெண் போட்டிருக்கிறேன். மலைப்பாதையில் பாதி மதிப்பெண் கிடையாது.

பாய் திரும்பி வந்து நன்றாகத் திட்டினார். சிலிண்டர்களைக் கணபதிப் பக்கம் ஒரு லேத் பட்டறைக்குக் கொண்டுபோனோம். உட்சுவரே தேய்ந்து அகன்றிருந்தது. அங்கே இருந்த பெரியவர் அதைக் கடைந்து பெரிதாக்கி, உள்ளே ஸ்லீவ் இறக்கி, மறுபடி பழைய அளவுக்கே கொண்டுவந்தார். "கப்பைச் சிலிண்டருக்குத் தகுந்த மாதிரி தேடாதீங்க. சிலிண்டரை அளவுக்குக் கொண்டாந்துட்டா சரியான கப் தானா உக்காரும்" என்றார். அதே அளவுக் கப்புக்கு இரண்டு வாரம் காத்திருந்தோம். அதுவரை வண்டி அசையவில்லை.

இப்போது என்னிடம் ஒரு நோட்டு இருக்கிறது. மூன்று பத்தி. ஒன்று, எதைப் போட்டாலும் ஓடுபவை: பல்பு, ஹாரன், பிளாஷர். இரண்டு, அளந்து போட வேண்டியவை: பேரிங், சீல், பெல்ட், ஹோஸ். மூன்று, சரியான பொருள் வரும்வரை வண்டியை நிறுத்த வேண்டியவை: பிரேக், ஸ்டியரிங். புதிதாகப் பழைய வண்டி வாங்கும் தம்பிகள் மூன்றாம் பத்தியை முதலில் எழுதுங்கள். பிரேக் ரப்பரை மண்ணெண்ணெயிலோ பெட்ரோலிலோ கழுவாதீர்கள், ஊதிவிடும்.

இன்னொன்று. கழற்றிய எதையும் காயலான் கடைக்குப் போடாதீர்கள். உடைந்த பழைய பொருள்தான் அடுத்ததற்கு அளவுகோல். தவிர, 2021-ல் வந்த மத்திய அரசு விதிப்படி, முதல் பதிவிலிருந்து 50 வருடம் தாண்டி, அசல் உருவம் மாறாமல் இருக்கும் வண்டியை விண்டேஜ் என்று பதியலாம். என் வண்டிக்கு 2028-ல் 50 நிறைகிறது. ஆனால் அப்படிப் பதிந்தால் அன்றாடம் ஓட்ட முடியாது. வீட்டுக்காரம்மாவைக் கேட்டேன். "கோயிலுக்குப் போகாத வண்டி எதுக்கு?" என்கிறார்.

பாய்க்கு 74 வயது. கை கொஞ்சம் நடுங்குகிறது. அதனால் அவர் வாயால் சொல்லும் ஒவ்வோர் அளவையும் நோட்டில் எழுதிக்கொண்டு வருகிறேன். யாருக்காவது வேண்டுமென்றால் கேளுங்கள், படம் எடுத்து அனுப்புகிறேன்.

பதிலுக்கு எனக்கு ஓர் உதவி. இடப்பக்க முன் கதவில் முக்கோணச் சின்னக் கண்ணாடி இருக்குமே, அதைப் பூட்டும் கொக்கி உடைந்துவிட்டது. அளவெல்லாம் எடுத்துவிட்டேன், எந்தக் கடையிலும் பயனில்லை. இதை மட்டும் பேர் சொல்லித்தான் கேட்க வேண்டியிருக்கிறது. யார் வீட்டுக் கொட்டகையிலாவது பழைய பத்மினிக் கதவு கிடந்தால் ஒரு வார்த்தை சொல்லுங்கள். நானே நேரில் வருகிறேன், அதே வண்டியில்.