குதிரை எப்படிப் போகும்?

கானாடுகாத்தானில் ஒரு பெரிய வீட்டைப் பார்க்கப் போயிருந்தோம். முகப்பைத் தாண்டியதும் கறுப்பும் வெள்ளையுமாகப் பளிங்குத் தரை. அக்கா மகனுக்கு எட்டு வயது. இரண்டு கட்டம் நேராக, ஒன்று பக்கவாட்டில் எனத் தாவிக்கொண்டே, "சித்தி, குதிரை இப்படித்தானே போகும்?" என்றான். "தம்பி, அங்கே குதிக்கக் கூடாது" என்று காவலுக்கு இருந்த பெரியவர் சத்தம் போட்டார். அவர் சொன்னதும் சரிதான், நூறு வருஷத் தரை!

குதிப்பதற்கென்றே ஒரு பலகை காரைக்குடிப் பூங்காவில் இருந்தால்?

2022-ல் மாமல்லபுரத்தில் 44-வது செஸ் ஒலிம்பியாட் நடந்தபோது, சென்னை நேப்பியர் பாலத்துக்கே கறுப்பு வெள்ளைக் கட்டம் போட்டார்கள். வண்டியை நிறுத்தி செல்ஃபி எடுத்தோம். ஆனால், அதில் ஆட முடியாதே! ஜெனீவாவின் பாஸ்டியன் பூங்காவில் ஆடவே முடியும். தரையிலேயே பலகை, இடுப்புயரக் காய்கள். ஆடுபவர் இரண்டு பேர் என்றால் சுற்றி நின்று யோசனை சொல்பவர் இருபது பேர். நம்மூருக்கு இதைச் சொல்லித் தரவா வேண்டும்?

ஆத்தங்குடியில் கண்ணாடி மேல் வண்ணம் ஊற்றி, மணலும் சிமென்ட்டும் போட்டுக் கையாலேயே கல் செய்கிறார்கள். பத்து அங்குலக் கல் நான்கு சேர்ந்தால் ஒரு கட்டம். 64 கட்டத்துக்கு 256 கல். பலகையின் ஒரு பக்கம் பதின்மூன்றடி நான்கு அங்குலம். ஒரு சின்ன ஹால் அளவுதான். ஆனால், சித்திரை வெயிலில் கறுப்புக் கட்டத்தில் கால் வைக்க முடியாது, மழை பெய்தால் வழுக்கும். அதனால் மேலே கூரை அவசியம்.

கல்லைவிடப் பெரிய சிக்கல், சாவி. 32 காய்களையும் அறையில் வைத்துப் பூட்டி, சாவிக்காரர் ஐந்து மணிக்கே வீட்டுக்குப் போய்விட்டால் என்ன பயன்? பிள்ளைகள் பள்ளி விட்டு வருவதே அப்போதுதான். பக்கத்து டீக்கடையில் சாவி இருந்தால் போதும் என்பது என் கட்சி. ஒரு சிப்பாய் காணாமல் போனால் போகட்டும், தேங்காய் மட்டையை நிறுத்தி ஆடலாம்.

செஸ் வகுப்புகளுக்கு இப்போது பஞ்சமில்லை. 2024-ல் குகேஷ் பதினெட்டு வயதில் உலக சாம்பியன் ஆன பிறகு கேட்கவே வேண்டாம். ஆனால், அங்கே ஆட ஃபீஸ் கட்ட வேண்டும். அப்பத்தா காலத்தில் திண்ணையில் சுண்ணாம்புக் கட்டியால் கோடு கிழித்தால் ஆடுபுலி ஆட்டம் தயார். மூன்று புலி, பதினைந்து ஆடு. தெருவில் போகிறவர்கூட உட்கார்ந்து ஓர் ஆட்டம் போட்டுவிட்டுப் போவாராம். அந்தத் திண்ணைக்கு இப்போது கிரில் கேட் போட்டாயிற்று. அப்பத்தா உள்ளே, தெரு வெளியே.

வீடு திரும்பியதும் இந்த யோசனையை அவரிடம்தான் முதலில் சொன்னேன். ஆள் உயரக் காய், ராஜா, ராணி, யானை, குதிரை என்று பையன் கையை விரித்துக் காட்டினான். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அப்பத்தா கேட்டார்:

"அதுல புலி இல்லையாக்கும்?"